ஐந்தாம் எண் காற்றாலை

1998 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிஷம். பெங்களூரில் தூறல், குடை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரே அளவு நனைகிற வகை. காற்று இல்லை. ரெசிடென்ஸி ரோட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், காற்றாலை விற்கும் கம்பெனியின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதரைக்குப் பேச்சு என்று சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்திருந்த நாற்காலி ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும் ரகம். அதில் உட்கார்ந்தபடி யாரும் கோபமாகப் பேச முடியாது. யோசித்துத்தான் வாங்கியிருப்பார்கள்.

எதிரே மேஜையில் முழ உயரத்துக்கு ஒரு காற்றாலை பொம்மை. கூரையிலிருந்த ஏ.சி. துளையின் காற்றில் அது விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனி நட்டவற்றில் விளம்பரத்தில் சொன்னபடி சுற்றியது அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஒன்பதே முக்காலுக்கு என் தங்கையின் கணவர் வந்தார். சந்தாபுராவில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை வைத்திருப்பவர். காற்றாலைக்குச் சொந்தக்காரரும் அவர்தான். கையில் அரை கிலோ மைசூர்பாகு.

"இது எதுக்கு மாப்ளே?" என்றேன்.

"சும்மா போய் நிக்கக் கூடாது மச்சான். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

நஷ்ட ஈடு கேட்கப் போகிற இடத்துக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு வருகிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவருடைய தொழிற்சாலை வங்கியில் அடமானத்தில் இருந்தது. இரண்டு தவணை தவறிப்போய், மூன்றாவது தவறினால் கட்டடத்தையும் இயந்திரங்களையும் எடுத்துக்கொள்வோம் என்று வங்கி எழுதியிருந்தது. அன்றைய பேச்சில் கம்பெனி தன் இயந்திரத்தின் குறையை ஒப்புக்கொண்டால் தொழிற்சாலை பிழைக்கும், இல்லாவிட்டால் இல்லை. அதற்கு அரை கிலோ மைசூர்பாகு.

இந்தக் காற்றாலை எப்படி வாங்கப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். இதில் ஒருவர்கூடக் காற்றைப் பற்றி யோசிக்கவில்லை. 1997 மார்ச் மாதம் ஆடிட்டர் ஒருவர் தங்கை கணவரிடம், காற்றாலை வாங்கினால் அதன் முழு விலையையும் முதல் வருஷமே தேய்மானமாகக் காட்டி வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று சொன்னார். அந்த நாளில் சட்டம் அப்படித்தான் இருந்தது. வரி மிச்சமாகும், மலையில் விளைகிற யூனிட்டுகளைச் சந்தாபுரா கரண்ட் பில்லில் கழித்துக்கொள்ளலாம், கடனை வங்கி கொடுக்கும். ஆடிட்டருக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்றுகூடத் தெரியாது. மார்ச் மாதத்தில் காற்றாலை வாங்குகிறவர்கள் காற்றுக்காக வாங்குவதில்லை, முப்பத்தொன்றாம் தேதிக்காக வாங்குகிறார்கள். கம்பெனியும் அந்தத் தேதிக்காகவே ஓடியது. சித்ரதுர்காவுக்கு அப்பால் ஒரு மலைவரிசையில் ஏற்கெனவே நான்கு இயந்திரங்கள் நின்றன. ஐந்தாவதை அவசர அவசரமாகத் தூக்கி நிறுத்தி, மார்ச் முப்பதாம் தேதி ஒரு மணி நேரம் சுற்றவிட்டு, இயங்க ஆரம்பித்துவிட்டது என்று சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். இறக்கையில் மாலை, அடியில் நசுக்கிய எலுமிச்சம்பழம், பக்கத்தில் கோட்டுப் போட்ட தங்கை கணவர் என்று ஒரு போட்டோ உண்டு. சந்தாபுரா ஆபீசில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

இறக்கை சுற்றுகிறதா என்று மட்டும் எல்லாரும் பார்த்தார்கள். சுற்றுவது வேறு, கரண்ட் தருவது வேறு. இது தெரியாதவர்களிடம் இவ்வளவு பெரிய இயந்திரத்தை விற்பதற்குத் தடை எதுவும் கிடையாது.

எனக்கு இதில் என்ன வேலை? முப்பத்து மூன்று வருஷம் மாநில மின்சாரத் துறையில் மீட்டர் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன். என் அப்பாவும் சர்க்கார் உத்தியோகம்தான். ஆஸ்டின் டவுனில் அவர் வாங்கிய வீட்டில் ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தேன். 1998 மே மாதம் தங்கை தன் கணவரை அழைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, ஃபேக்டரி போயிடும்போல இருக்கு," என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

அவள் கணவர் அழவில்லை. அவருக்குக் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. "மீட்டர்லதான் கோளாறு மச்சான். மிஷின் நல்லாத்தான் ஓடுது. டிசம்பர், ஜனவரியெல்லாம் ஒரு நாள் விடாம ஓடுச்சு. ஆனா பில்லுல யூனிட் ஏறவே இல்ல. உங்க டிபார்ட்மென்ட்டுகாரங்க மீட்டரு திருட்டு மீட்டரு."

"டிசம்பர்ல அந்த மலையில ஏது காத்து?"

"ஓடுச்சு மச்சான். தெனம் காலையில ஏழு மணிக்கு சைட்டுக்கு நானே போன் போட்டு விசாரிக்கறேன்."

"ஜூன், ஜூலையில?"

"அப்பத்தான் பிரச்சனை. அப்போ மிஷின் அடிக்கடி நின்னு போச்சு. இங்க கம்பெனி ஆபீசுக்கு போன் போட்டு நல்லா திட்டினேன். பயந்துகிட்டு எப்படியோ யூனிட் குடுத்தானுங்க. திட்டினாத்தான் வேல நடக்கும்."

மழைக்காலத்தில் நின்றுபோய், பனிக்காலத்தில் ஓடி, நின்ற மாதத்தில் யூனிட் தந்து, ஓடிய மாதத்தில் தராத இயந்திரம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. போனில் வந்த பேச்சை அளவாக எடுத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லாததால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. மலைக்கே போனேன்.

முதல் வேலையாக மீட்டரைச் சோதித்தேன். பழைய சகாக்கள் இருவர் சித்ரதுர்கா பிரிவில் இன்னும் வேலையில் இருந்ததால் முறைப்படி அனுமதி கிடைத்தது. மீட்டர் சரியாக இருந்தது. திருட்டு மீட்டராம். மனிதன் சொல்வதைவிட அது சொல்வதை நம்பலாம் என்பதால்தான் நான் அந்தப் பிரிவிலேயே முப்பத்து மூன்று வருஷத்தை ஓட்டினேன்.

பிறகு இயந்திரத்தைப் பார்த்தேன். மே கடைசியில் காற்று எழுந்துவிட்டிருந்தது. நான்காம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் ஒரே முகட்டில், ஒரே உயரத்தில், பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, இருநூற்றைம்பது கிலோவாட். ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் ஒரு பெட்டி உண்டு. அதில் காற்றின் வேகமும் அந்த நிமிஷத்தில் எவ்வளவு கரண்ட் வருகிறது என்பதும் தெரியும். மெல்லிய காற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டின. காற்று விநாடிக்குப் பன்னிரண்டு மீட்டர் வேகம் எடுத்ததும் நான்காம் எண் இருநூற்று இருபது கிலோவாட்டுக்குப் போய்விட்டது. ஐந்தாம் எண் நூற்று எழுபதிலேயே நின்றது. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

காற்றாலையை எடைபோட இதைவிட நல்ல வழி கிடையாது. இவ்வளவு வேகத்தில் காற்று வந்தால் இவ்வளவு கரண்ட் வரும் என்று கம்பெனியே ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறது. அதற்கு பவர் கர்வ் என்று பெயர். இயந்திரத்தை அந்தக் கோட்டின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும், அவ்வளவே. கீழே இருந்தால் குறை. ஆனால் இந்தத் தொழிலில் யாரும் இதைச் செய்வதில்லை. இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். ஒன்று 'சராசரி'. இந்த வருஷம் சராசரிக் காற்று குறைவு, அதனால் யூனிட் குறைவு என்பார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் பலம் எட்டு மடங்காகிறது. அப்படியிருக்க, சராசரியை வைத்து என்ன சொல்ல முடியும்? பகல் முழுக்கப் பட்டினி கிடந்து ராத்திரி இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டவனைச் சராசரியாக ஒழுங்காகச் சாப்பிட்டான் என்று சொல்வதுபோல. இன்னொரு சொல் 'அவைலபிலிட்டி'. அதாவது இயந்திரம் தயாராக இருந்த நேரம். காற்றே இல்லாத ராத்திரி சும்மா நின்றாலும் அது தயாராக இருந்த நேரம்தான். கல்லும் அப்படித் தயாராகவே இருக்கிறது.

பலத்த காற்றில் மட்டும் குறைகிறது என்றால், இறக்கைகளைப் பொருத்திய கோணம் தவறு என்று எனக்குப் பட்டது. அந்த மாதிரி இயந்திரத்தில் இறக்கை திருப்பித் திருப்பி வைக்கும்படி இருக்காது; நிறுவும்போதே சரியான கோணத்தில் போல்ட் போட்டு இறுக்கிவிட வேண்டும். ஓரிரண்டு டிகிரி தப்பினால் பலத்த காற்றில் இப்படித்தான் முடங்கும். மார்ச் முப்பதாம் தேதிக்கு ஓடியவர்கள் டிகிரி பார்த்திருப்பார்களா? உத்தரவாதக் காலம் செப்டம்பரோடு முடிகிறது. அதற்குள் குறையை நிரூபித்தால், இலவசமாகத் திருத்திக் கொடுக்க வேண்டும். புகார் செய்த நாளிலிருந்து குறைந்துபோன யூனிட்டுகளுக்கு நஷ்ட ஈடும் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. இதையெல்லாம் எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினேன். அதன் பேரில் வந்ததுதான் ஜூலை பதினான்கு.

பத்தே காலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டு பேர். ஒருவர் மேலாளர், கோயம்புத்தூர்ப் பக்கம், எல்லாவற்றுக்கும் இரண்டு தடவை 'சார்' போடுகிறவர். இன்னொருவன் தும்கூர்ப் பையன், இன்ஜினியர், இருபத்தைந்து வயது இருக்கும். தமிழ் புரியும், பேசமாட்டான்.

"சார், மொதல்ல ஒரு விஷயம் சார்," என்று மேலாளர் ஆரம்பித்தார். "ஒங்க மெஷினோட அவைலபிலிட்டி தொண்ணூத்தேழு பர்சென்ட் சார். எங்க லைன்லயே நம்பர் ஒன் சார்."

"சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டுல நிக்கற பஸ்கூடத்தான் அவைலபிள். கண்டக்டர் டீ குடிச்சிட்டு வரணுமே," என்றேன்.

தும்கூர்ப் பையன் சிரிப்பை அடக்கினான். மேலாளர் அடக்க வேண்டியிருக்கவில்லை, அவருக்குப் புரியவில்லை. போன வருஷம் சராசரிக் காற்று குறைவு என்றார். நான் சராசரியைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அதன் காற்று வேறு என்றார். பக்கத்து இயந்திரத்தின் எண்களை எடுத்து வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. தங்கை கணவர் பக்கம் திரும்பினார். தங்கை கணவர் மைசூர்பாகுப் பெட்டியைத் திறந்து நீட்டினார். மேலாளர் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"சார், நீங்க போன வருஷத்துலேர்ந்து முப்பத்தியொரு தடவ எங்களுக்கு போன்ல கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கீங்க சார். மெஷின் நின்னு போச்சுன்னு. கரெக்டா?"

"கரெக்ட். முப்பத்தியொண்ணோ என்னமோ. திட்டித் திட்டி எனக்கு வாய்தான் வலிச்சுது."

"அந்த முப்பத்தியொரு நாளும் மெஷின் ஓடியிருக்கு சார். அதுவும் சுமாரா இல்ல சார். வருஷத்துலயே நல்லா ஓடின நாளுங்க அதுங்கதான். அதே மாதிரி மெஷின் நின்ன நாள்ல நீங்க போன் பண்ணி தேங்க்ஸ் சொல்லியிருக்கீங்க சார். பொங்கல் அன்னிக்கு காத்து பூஜ்யம். அன்னிக்கு எங்க ஆபீசுக்கு ஸ்வீட் அனுப்பினீங்க சார்."

தும்கூர்ப் பையன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தங்கை கணவரைப் பார்த்தேன்.

"மிஷின் நின்னுதுன்னு யாரு சொன்னா மாப்ளே?"

"சைட்டு வாட்ச்மேன்தான். பொய் சொல்ல மாட்டான் மச்சான், நல்ல மனுஷன். தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் குடுத்திருக்கேன்."

"நீங்க என்னன்னு கேப்பீங்க?"

"கன்னடத்துலதான் கேப்பேன்." அவருக்குப் பெருமை. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து பதினெட்டு வருஷமாகக் கன்னடம் கற்றுக்கொண்டிருக்கிறார். "ஏனப்பா, காலி இதெயா, அப்படீம்பேன். காலி இதென்னு சொன்னா மிஷின் சும்மா காலியா நிக்குதுன்னு அர்த்தம். காலி இல்லன்னா ஓடுதுன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாதா?"

தும்கூர்ப் பையன் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது.

கன்னடத்தில் காற்றுக்கு 'காளி' என்று பெயர். முதல் எழுத்தை அழுத்தி, கடைசியில் ளகரம் போட்டுச் சொல்வார்கள். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இது தண்ணீர், சோறு மாதிரி ஒரு சொல். 'காலி' என்றால் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் வெறுமைதான். இரண்டையும் காது பிரித்துவிடும். ஆனால் தங்கை கணவருக்குத் தமிழிலேயே லகர ளகரம் கிடையாது. பல்லிக்கூடம் என்பார், வெல்லிக்கிழமை என்பார். ககரத்தை அழுத்துவதா மெல்லச் சொல்வதா என்பதும் அவருக்கு ஒன்றுதான். சித்ரதுர்காவிலிருந்து இரைச்சலோடு வருகிற டிரங்க் லைன் வேறு. அவர் தினமும் காலை ஏழு மணிக்கு, இயந்திரம் காலியா என்று கேட்டார். வாட்ச்மேன், காற்று இருக்கிறதா என்று முதலாளி கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, காற்று அடித்த நாளில் இருக்கிறது என்றும், அடிக்காத நாளில் இல்லை என்றும் உண்மையைச் சொல்லி வந்தார். பதினைந்து மாதம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நல்லவர் என்று மெச்சிக்கொண்டு, ஒரு நாள்கூட ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசவில்லை.

இதை நான் மெல்ல எடுத்துச் சொன்னேன். மேலாளருக்கு இப்போது புரிந்தது. "காளி இல்லாட்டி மாரியாச்சும் இருப்பா சார்," என்று சொல்லிவிட்டு தானே சிரித்தார்.

தங்கை கணவர் சிரிக்கவில்லை. "அவன் ஒழுங்கா பேசியிருக்கணும்," என்றார். "ஜோராகி இதென்னு வேற சொல்வான். சும்மா நிக்கறதுல என்ன ஜோருன்னு எனக்கு ரத்தம் கொதிக்கும்." காற்று பலமாக அடிக்கிறது என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார்.

மேலாளர் மைசூர்பாகை முடித்து விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். ஒப்பந்தப்படி நஷ்ட ஈடு, புகார் செய்த நாளில் குறை இருந்தால்தான் என்றார். முப்பத்தொரு புகாரும் இயந்திரம் நின்றுவிட்டது என்ற புகார், முப்பத்தொன்றும் பொய், ஆகவே நஷ்ட ஈட்டுப் பேச்சு முடிந்தது சார், சார் என்றார். ஓடுவதும் முழுதாக ஓடுவதும் ஒன்றல்ல, நல்ல காற்று நாளில்தான் இந்த இயந்திரம் கடமை தவறுகிறது, அந்த முப்பத்தொரு நாளும் குறை இருந்த நாள்கள்தான் என்று நான் மேஜையைத் தட்டிச் சொன்னேன். உண்மை என் பக்கம் இருந்தது. ஆனால் அதற்குள் அந்த அறையில் எங்கள் தரப்பு ஒரு வேடிக்கையாகிவிட்டது. இயந்திரம் முழு மூச்சாக ஓடியபோது நின்றுவிட்டது என்று கத்தியவர்கள், அது இருபது சதவீதம் குறைவாக ஓடுகிறது என்று சொன்னால் யார் கேட்பார்கள்? ஒரு ளகரத்துக்காக ஒரு நல்ல வழக்கு செத்தது.

ஜன்னலிலிருந்து திரும்பி வந்த தும்கூர்ப் பையன் மேலாளரின் காதில் ஏதோ சொன்னான். அவனுக்கு என் எண்கள் புரிந்திருந்தன என்று நினைக்கிறேன். மேலாளர் அரைமனதாக ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார். இயந்திரத்துக்கு முன்னால், காற்று வரும் பக்கத்தில், அதே உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டு, மேலே காற்றுமானி வைத்து, மூன்று வாரம் பத்து பத்து நிமிஷமாக அளக்க வேண்டும். இரு தரப்புக்கும் சம்பந்தமில்லாதவர்கள் அளக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே ஐந்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் கம்பெனி தன் செலவில் திருத்தித் தரும். பழைய நஷ்டத்துக்கு ஒரு காசு கிடையாது. அளக்கிற செலவு, சந்தேகப்படுகிறவர்களுடையது.

"சந்தேகம் யாருக்கு?" என்றேன் வெளியே வந்ததும், படிக்கட்டில்.

"எனக்கு ஒண்ணும் சந்தேகம் இல்ல மச்சான்," என்றார் தங்கை கணவர். "இப்பத்தான் எல்லாம் தெளிவாயிடுச்சே. காத்து இருந்தா ஓடுது, இல்லாட்டி நிக்குது. பாவம், மிஷின் மேல எந்தத் தப்பும் இல்ல. நாமதான் அனாவசியமா சண்ட போட்டோம்."

"நல்ல காத்துலயே அஞ்சுல ஒரு பங்கு போகுது. பதினஞ்சு மாசமா போகுது. தவணை கட்ட முடியாததுக்கு அதான் காரணம். புரியலையா?"

"அதெல்லாம் கணக்குல வர்ற விஷயம் மச்சான்."

"கணக்குல வராத விஷயம் எது, உங்க ஃபேக்டரியில?"

"சாமி இருக்கு," என்றார். வியாழக்கிழமைதோறும் விவேக் நகர் குழந்தை இயேசு கோவிலுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போகிறவர். வெள்ளிக்கிழமை அம்மன் கோவில். எந்தத் தெய்வத்திடமும் இறக்கையின் கோணத்தைச் சொல்லி வேண்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவர் பணம் போடமாட்டார், போட அவரிடம் இல்லவும் இல்லை. அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள். அழவில்லை. "அண்ணா, அவருக்குப் புரியாது. உனக்கு நிச்சயமா தெரியுமா, சொல்லு," என்றாள். தெரியும் என்றேன். "அப்ப செய்," என்று போனை வைத்துவிட்டாள். மனைவியிடம் சொன்னபோது அவள், "உங்க தங்கச்சி கேட்டா கொடுப்பீங்க, நான் சமையல்கட்டுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டு நாலு வருஷமாகுது. அதுவும் காத்துதான்," என்றாள். ஓய்வு பெற்றபோது போட்டிருந்த வைப்புத்தொகையில் ஒன்றை முதிர்வுக்கு முன்பே உடைத்தேன். வங்கிக்காரன் வட்டியில் அபராதம் பிடித்துக்கொண்டான். எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் தவறாமல் வேலை செய்கிற இயந்திரம் அபராதம் ஒன்றுதான்.

ஆகஸ்டில் அளந்தார்கள். அளக்க வந்தவர்கள் முதல் வாரம் கம்பத்தை இயந்திரத்துக்குப் பின்னால் நட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். இறக்கையில் அடிபட்டு நொந்து வரும் காற்றை அளந்தால் காற்று குறைவாகத் தெரியும். அந்தக் குறைந்த காற்றுக்கு இயந்திரம் பிரமாதமாக ஓடுவதாகத் தெரியும். தேர்வெழுதுகிறவனையே கேள்வித்தாள் தயாரிக்கச் சொல்வது போன்ற வேலை. கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே சொன்னார்களா, இவர்களே முட்டாள்களா என்று தெரியவில்லை. இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன், கெட்டிக்காரத்தனமாகக் கெடுக்க அந்தத் தொழிலில் யாருக்கும் நேரமில்லை. நான் பஸ் பிடித்துப் போய், கம்பத்தைப் பிடுங்கி முன்னால் நடவைத்தேன். ஒரு வாரம் வீணானது. அந்த வாரத்துக்கும் வாடகை என் தலையில். கிரேன்காரன் இரண்டாவது தடவை வந்ததற்கு இரண்டாவது கூலி.

முடிவு வந்தது: பலத்த காற்றில் கோட்டுக்குப் பதினெட்டு சதவீதம் கீழே. மேலாளர் போனில், "ஆச்சரியமா இருக்கு சார்," என்றார். செப்டம்பர் இரண்டாம் வாரம், உத்தரவாதம் முடிய சில நாளே இருக்கும்போது, ஆட்கள் ஏறி அளந்து பார்த்தார்கள். மூன்று இறக்கைகளில் இரண்டு சரியாக இருந்தன என்றுகூடச் சொல்ல முடியாது. மூன்றுமே இரண்டு டிகிரி தவறு, ஒரே மாதிரி தவறு. நிறுவியபோது கோணம் பார்க்கும் அச்சுத் தகட்டைத் திருப்பி வைத்து அளந்திருக்கிறார்கள். போல்ட்டுகளைத் தளர்த்தி, திருப்பி, இறுக்கினார்கள். ஒன்றரை நாள் வேலை. தும்கூர்ப் பையன் மேலேயிருந்து இறங்கி வந்து என்னிடம் கை கொடுத்தான். எண்ணெய்க் கை.

1999 மழைக்காலத்தில் ஐந்தாம் எண், நான்காம் எண்ணோடு சமமாக ஓடியது. சந்தாபுராவின் கரண்ட் பில் பாதிக்கு இறங்கியது. தவணைகள் கட்டப்பட்டன. வங்கி மேற்கொண்டு ஒன்றும் எழுதவில்லை. தொழிற்சாலை இன்றைக்கும் நடக்கிறது. அட்டைப்பெட்டி மட்டமானது, ஆனால் நடக்கிறது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், பூசணிக்காய், பொரி கடலை. ஆடிட்டருக்கு முன்வரிசையில் நாற்காலி, சால்வை. தங்கை கணவர் வங்கிக்காரர் ஒருவரை என் பக்கம் அழைத்து வந்தார்.

"இவரு எங்க வீட்டுக்காரம்மாவோட அண்ணன். கரண்ட் ஆபீஸ்ல மீட்டர் ரீடரா இருந்தவரு."

"ஓஹோ," என்றார் வங்கிக்காரர். "காற்றாலை நல்லா போகுதாமே உங்க மாப்பிள்ளைக்கு?"

"நடுவுல கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு சார்," என்றார் தங்கை கணவர், நான் பதில் சொல்வதற்குள். "எறக்கைய லேசா திருப்பினாங்க, சரியாயிடுச்சு. ஒண்ணும் பெரிசா இல்ல. நான் விடாம கம்ப்ளெயின்ட் பண்ணிக்கிட்டே இருந்தேன்ல."

தங்கை அந்தப் பக்கம் நின்று பொரி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். தலை நிமிரவில்லை. எனக்கு மட்டும் மற்றவர்களைவிடப் பெரிய பொட்டலமாகக் கொடுத்தாள். பணத்தைப் பற்றி அவளும் அதற்குப் பிறகு பேசவில்லை. பேசியிருந்தால் அது அவள் வீட்டில் என்னவாக முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் கேட்கவில்லை.

கம்பத்தின் வாடகை, காற்றுமானி, அளந்தவர்களின் கூலி, இரண்டு தடவை வந்த கிரேன், வீணான ஒரு வாரம், சித்ரதுர்காவுக்குப் போய்வந்த பஸ், லாட்ஜ், வைப்புத்தொகையை உடைத்த அபராதம் எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது எண்பத்தாறாயிரத்து நானூற்று முப்பத்தைந்து ரூபாய்.